மதுரையிலிருந்து டெல்லிக்கு: தாமதத்தைக் கணக்கில் வைத்துப் பார்த்தால் எந்த ரயில்?

டெல்லியில் காலை 10 மணிக்கு நேர்முகத் தேர்வோ சான்றிதழ் சரிபார்ப்போ உள்ள மதுரைக்காரர் முன் உள்ள ரயில் வழிகளில் மூன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பலரும் எது சீக்கிரம் போகும் என்று பார்த்தே டிக்கெட் எடுக்கிறார்கள். வண்டி நான்கு மணி நேரம் தாமதமானால் அந்தப் பயணியின் கதி என்ன என்பதை வைத்தே நான் இவற்றை ஒப்பிடுகிறேன்.

முதல் வழி, பிற்பகல் தேஜஸ் எக்ஸ்பிரஸில் ஏறி இரவு ஒன்பதேகால் வாக்கில் சென்னை எழும்பூரில் இறங்கி, சென்ட்ரலில் 10 மணிக்குப் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பது. இடையில் முக்கால் மணி நேரம் இருக்கிறது. இரு நிலையங்களுக்கும் இடையே தூரமும் அதிகமில்லை. ஆனால் பெட்டியோடு மேம்பாலம் ஏறி இறங்கி, ஆட்டோ பேசி, சென்ட்ரல் வாசலில் பையை ஸ்கேனரில் வைத்து எடுத்து, நீண்ட நடைமேடையில் தன் கோச்சைத் தேடி நடப்பதற்கே அந்த நேரம் போய்விடும். தாம்பரம் தாண்டி ஒரு சிக்னலில் இருபது நிமிடம் நின்றாலும் டெல்லி வண்டி கிடைக்காது. இந்த வழியை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி, காலை வைகை எக்ஸ்பிரஸில் கிளம்பி அதே தமிழ்நாடு எக்ஸ்பிரஸைப் பிடிப்பது. பிற்பகலில் எழும்பூர் வந்துவிடுவதால் கையில் ஏழு மணி நேரத்துக்கு மேல் மிஞ்சும். வைகை இரண்டு மணி நேரம் தாமதமானாலும் கவலையில்லை. சென்ட்ரலில் கிளோக் ரூமில் பெட்டியைப் போட்டுவிட்டு நிம்மதியாகச் சாப்பிடலாம்.

இந்த வழியில் ஆபத்து டெல்லி முனையில்தான் இருக்கிறது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலை புது டெல்லி சேர்வதால், பத்து மணிக்கு முன் சில மணி நேரமே மிஞ்சும். கடைசி நிறுத்தத்துக்கும் முனையத்துக்கும் இடையே அட்டவணையில் கூடுதல் நிமிடங்களைச் சேர்த்து வைக்கும் வழக்கம் இருப்பதால், மற்ற மாதங்களில் சிறு தாமதம் அங்கேயே சரியாகிவிடக்கூடும். டிசம்பரிலும் ஜனவரியிலும் அந்தக் கணக்கு செல்லாது. குவாலியர் தாண்டிய பிறகு மூடுபனி இறங்கினால், அடுத்து வரும் சிக்னலை ஓட்டுநருக்கு முன்கூட்டியே சொல்லும் பனிக்கருவி பொருத்திய இஞ்சினும் மணிக்கு 75 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது. முன்னால் போகும் வண்டிகளும் அப்படியே ஊர்வதால் ஒன்றன்பின் ஒன்றாக நிற்க நேரிடும். மதுராவுக்கு முன் அப்படி நின்ற ஒரு வண்டியில் நான் இருந்திருக்கிறேன். ஜன்னலைத் துடைத்தால் பக்கத்துத் தண்டவாளம்கூடத் தெரியவில்லை. எதிர் பெர்த்தில் இருந்த பையன் ஹால் டிக்கெட்டைக் கையில் வைத்தபடி நிமிடத்துக்கு ஒரு முறை செல்போனில் மணி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகம் இன்னும் என் மனதில் இருக்கிறது. இவ்வளவு படித்துவிட்டு ஒரு பிள்ளை ரயில் பெட்டிக்குள் வாய்ப்பை இழக்கக்கூடாது.

மூன்றாவது வழி, கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ். மதுரையில் ஏறினால் டெல்லியின் நிஜாமுதீன் நிலையத்தில்தான் இறங்க வேண்டும். நடுவில் வண்டி மாறும் வேலையில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டுமே ஓடுவதும், இரண்டு இரவுகளைப் பெட்டிக்குள்ளேயே கழிக்க வேண்டியிருப்பதும் குறைகள். ஆனாலும் அது மாலையில் போய்ச் சேர்வதை நான் பெரிய அனுகூலமாகக் கருதுகிறேன். ஐந்து மணி நேரம் தாமதமானாலும் இழப்பது இரவுச் சாப்பாட்டை மட்டுமே. காலைத் தேர்வு கைவிட்டுப் போகாது.

வண்டி மாறிப் போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டுகளின் பதிவு எண்களையும் (பி.என்.ஆர்.) இணைத்துக்கொள்ளும் வசதி 2019 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. முதல் வண்டியின் தாமதத்தால் இரண்டாவதைத் தவறவிட்டால், விதிகளுக்கு உட்பட்டு, பயணம் செய்யாத பகுதியின் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பணம் வரும், அடுத்த வண்டியில் பெர்த் வராது. அதை நம்பி இடைவெளியைக் குறைப்பது தவறு.

ஆகவே திருக்குறள் ஓடும் நாள் தேர்வுத் தேதிக்குப் பொருந்தினால் அதையே எடுங்கள். பொருந்தாவிட்டால், குறிப்பாகப் பனிக்காலத்தில், வைகையையும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸையும் ஒரு நாள் முன்னதாகவே பதிவு செய்யுங்கள். டெல்லியில் ஓர் இரவு அறை வாடகையையும் டிக்கெட் செலவோடு சேர்த்தே வீட்டில் கேளுங்கள்.