பூட்டா, வரிசையா: ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் நான்கு கோர்

ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினிப் போர்டின் நான்கு கோர்களிலும் (சிப்புக்குள் தனித்தனியாக ஓடும் செயலிகள்) ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் சி கோடு ஓட வேண்டுமென்றால் வேலையைப் பங்கிட இரண்டு வழி. எல்லாக் கோரும் ஒரே வேலைப் பட்டியலிலிருந்து எடுக்கலாம். பட்டியலை ஸ்பின்லாக், அதாவது கிடைக்கும்வரை கோர் லூப்பில் சுற்றிக் கேட்கும் பூட்டு, காக்கும். அல்லது கோருக்கு ஒரு வேலை என்று முன்பே பிரித்து, ரிங் பஃபர் (முடிவிலிருந்து மீண்டும் தொடக்கத்துக்குச் சுற்றும் வரிசை) வழியாக மட்டும் தரவைக் கைமாற்றலாம். நான் எடுத்தது இரண்டாவது.

பூட், அதாவது கோர்களைத் தொடக்கும் படி, இரண்டுக்கும் ஒன்றுதான். 64-பிட் முறையில் கோர் 1, 2, 3 ஆகியவை பதின்ம எண்ணில் 224, 232, 240 என்ற முகவரிகளைப் பார்த்தபடி தூங்கும். தொடங்க வேண்டிய முகவரியை அங்கே எழுதி எஸ்இவி (தூங்கும் கோர்களை எழுப்பும் கட்டளை) கொடுத்தால் எழும். கோருக்குத் தனி ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிகத் தரவுக்கான மெமரி). பிஎஸ்எஸ்-ஐ (தொடக்க மதிப்பு தராத குளோபல் மாறிகளின் இடம்) கோர் 0 மட்டும், மற்றவை எழுவதற்கு முன்பே, சுழியாக்க வேண்டும். ஃப்ளோட்டிங் பாயின்ட் அனுமதியை ஒவ்வொரு கோரும் தனக்குத் தானே திறக்க வேண்டும்.

வழிகள் பிரியும் இடம் எம்எம்யூ, அதாவது மெமரி முகவரிகளையும் அவற்றின் வகையையும் நிர்வகிக்கும் பகுதி. அது அணைந்திருக்கும்வரை மெமரி முழுவதையும் கோர் டிவைஸ் மெமரியாகவே (சாதனங்களுக்கான வகை) நடத்தும். அங்கே எல்டிஎக்ஸ்ஆர், எஸ்டிஎக்ஸ்ஆர் ஜோடி (முதலாவது படிக்கும்; இடையில் வேறு கோர் தொடாதிருந்தால் மட்டும் இரண்டாவது எழுதும்) வேலை செய்யும் என்ற உத்தரவாதம் இல்லை. ஸ்பின்லாக் நிற்பதோ அந்த ஜோடியின் மேல். எழுதுவது ஒவ்வொரு முறையும் தோற்று, பூட்டே கிடைக்காமல் லூப் சுற்றிக்கொண்டிருக்கும். அல்லது அபார்ட் (கோர் எழுப்பும் மெமரிப் பிழை) விழும். கோடு சரியாக இருக்கும், போர்டு செத்ததுபோல் கிடக்கும். ஆக, முதல் பூட்டுக்கு முன்பே பேஜ் டேபிள் (எம்எம்யூ படிக்கும் முகவரி அட்டவணை), இன்னர் ஷேரபிள் அமைப்பு (மெமரியைக் கோர்கள் பகிர்கின்றன என்ற குறிப்பு), 1008 எம்பி முகவரிக்கு மேலுள்ள பெரிஃபெரல்களுக்கு (துணைச் சாதனங்கள்) டிவைஸ் வகை, கேச் (கோருக்கு அருகிலுள்ள வேகமான நகல் மெமரி) எல்லாம் தயாராக வேண்டும், அதுவும் நான்கு கோரிலும்.

ரிங் பஃபருக்கு இது எதுவும் வேண்டாம். தலைக் குறியீட்டை (அடுத்து எழுத வேண்டிய இடம்) அனுப்பும் கோர் மட்டுமே எழுதும், வால் குறியீட்டை (அடுத்து படிக்க வேண்டிய இடம்) வாங்கும் கோர் மட்டுமே. 256 இடம் என்றால், தலைக்கும் வாலுக்கும் வித்தியாசம் 256-க்குக் குறைவா என்று பார்த்து, தரவை இடத்தில் வைத்து, பிறகே ரிலீஸ் ஸ்டோரால் (முந்தைய எழுத்துகள் தெரிந்த பிறகே தெரியும் எழுத்து) தலையை ஒன்று நகர்த்த வேண்டும். வாங்கும் கோர் அக்வயர் லோடால் (இதற்குப் பின்வரும் படிப்புகள் இதை முந்தாத படிப்பு) தலையைப் படிக்கும். வொலடைல் (சி-யில் மாறியின் ஒவ்வொரு அணுகலையும் அப்படியே வைக்கச் சொல்லும் சொல்) மட்டும் போட்டால் போதாது: கம்பைலர் வரிசையை மாற்றாவிட்டாலும் கேச் திறந்த பிறகு கோர் மாற்றும், தரவுக்கு முன்னால் தலை நகர்ந்து தெரியும். எம்எம்யூ இல்லாத நாளில் ஸ்ட்ரிக்ட் அலைன் ஃப்ளாகும் (அளவுக்கு ஒத்த முகவரிகளில் மட்டுமே மெமரியைத் தொடும்படி கம்பைலருக்குச் சொல்வது) கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு சாதாரண ஸ்ட்ரக்ட் நகலே அலைன்மென்ட் ஃபால்ட் (முகவரி ஒத்துப்போகாத பிழை) தரலாம்.

பிறகு வேகத்துக்காக எம்எம்யூவைத் திறந்தாலும் ரிங் கோட்டில் ஒரு வரி மாறாது. பராமரிப்பில் இதுதான் பெரிய லாபம். ஆனால் நான்கு கோரிலும் திறக்க வேண்டும். அனுப்பும் கோரில் மட்டும் கேச் இருந்தால் புதிய தலை அந்தக் கேச்சிலேயே தங்கும். வாங்கும் கோர் ராமில் பழைய எண்ணையே பார்த்துக் காத்திருக்கும். தலையையும் வாலையும் 64 பைட் இடைவெளியில் வையுங்கள். ஒரே கேச் லைனில் (கேச் ஒன்றாகக் கையாளும் 64 பைட் துண்டு) இருந்தால் அந்த லைன் இரு கோர்களுக்கிடையே பந்தாடப்படும்.

குறையும் உண்டு. ஒரு கோர் திணறும்போது பக்கத்துக் கோர் சும்மா நிற்கும். எல்லோரும் எல்லோருடனும் பேச வேண்டுமென்றால் 12 ரிங் வேண்டும். வேலையின் அளவு முன்கூட்டித் தெரியாதபோது பொதுப் பட்டியலே மேல். நான்கு கோருக்கு மேல் நான் ஓட்டிப் பார்த்ததில்லை, அங்கே இந்தக் கணக்கு மாறலாம்.

பூட்டு வழியில் போகிறவர்கள் பூட்டை எடுப்பதற்கு முன் அந்தக் கோரின் இன்டரப்டை (ஓடும் வேலையை இடைநிறுத்தி ஹேண்ட்லர் என்ற கோடை ஓடவைக்கும் அழைப்பு) அணைத்துவிடுங்கள். பூட்டு கையில் இருக்கும்போது வந்த இன்டரப்ட் ஹேண்ட்லர் அதே பூட்டைக் கேட்டால், அந்தக் கோர் தன்னையே எதிர்பார்த்து நின்றுவிடும்.