கெடாவிலிருந்து வந்த கேள்வியும் 36 வகுப்புகளும்

தஞ்சைப் பெரிய கோயிலில் பத்தொன்பது ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கிறேன். இராசேந்திர சோழன் கடல் கடந்து கடாரம் கொண்ட கதையை ஒரு நாளைக்கு நான்கு முறையாவது சொல்வேன். சொல்லச் சொல்லக் கதையில் கப்பல்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனதை நானே கவனிக்கவில்லை. சென்ற தை மாதம் மலேசியாவின் கெடாவிலிருந்து, அதாவது அந்தப் பழைய கடாரத்திலிருந்தே, வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வென்றது சரி ஐயா, அதற்கப்புறம் எங்கள் ஊரை யார் ஆண்டார்கள்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. கோயிலில் உள்ள நந்தி சிலை நாயக்கர் காலத்தது என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிட்டேன்.

அந்த வெட்கத்தில் வாங்கியதுதான் இந்த இணையவழிப் பாடம். மேக்கொங் ஆற்றின் கழிமுகத்தில் இருந்த பழைய ஃபூனான் அரசு தொடங்கி இன்றைய நாடுகள் வரை தென்கிழக்கு ஆசியாவின் வரலாறு. தமிழில் 36 வகுப்புகள், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். கட்டணம் 3,200 ரூபாய். அச்சிட்ட வரைபடப் புத்தகத்துக்குத் தனியாக 450. அது வந்து சேர 17 நாட்களும் மூன்று தொலைபேசிச் சண்டைகளும் ஆயின.

முதல் மூன்று வகுப்புகளில் பொறுமை வேண்டும். பேராசிரியர் இருமுகிறார், கண்ணாடியைத் தேடுகிறார், மேக்கொங் ஆற்றின் வண்டலைப் பற்றி இருபது நிமிடம் பேசுகிறார். தெற்கு வியட்நாமின் பழைய துறைமுகமான ஓக் ஏயோவில் ரோமானியப் பேரரசர் அந்தோனினஸ் பயஸின் பெயர் பொறித்த பதக்கம் கிடைத்ததைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆறாவது வகுப்புக்காக மட்டுமே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம். ஸ்ரீவிஜயம் என்பது ஓர் அரசனின் பெயர் என்றே அறிஞர்கள் ஒரு காலத்தில் எண்ணியிருந்தார்கள். 1918இல்தான் ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர், அது சுமத்ராவின் பலெம்பாங்கை நடுவாகக் கொண்ட அரசு என்று நிறுவினார். சீனக் குறிப்புகளையும் மலாய்க் கல்வெட்டுகளையும் பொருத்திப் பார்த்த அவருக்கு உதவிய சான்றுகளில் எங்கள் பெரிய கோயில் கல்வெட்டும் ஒன்று. "அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி" என்று அதை நான் எத்தனை ஆயிரம் முறை ஒப்பித்திருப்பேன்! தொலைந்துபோன ஓர் அரசைக் கண்டுபிடிக்க அந்தக் கல் உதவியது என்பதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அதற்கடுத்த வகுப்புகளில் ஆசிரியையின் கேள்விக்கு விடை கிடைத்தது. அன்றைய அரசுகளுக்கு எல்லைக்கோடு என்பது கிடையாது என்கிறார் பேராசிரியர். நடுவில் வலுவான ஓர் அரசன். அவனைச் சுற்றி, வலுவுக்கேற்பப் பணிந்தும் விலகியும் நிற்கும் சிற்றரசர்கள். ஒருவனே இரண்டு பேருக்குத் திறை அனுப்புவதும் உண்டு. 1025இல் இராசேந்திரன் அனுப்பிய படை துறைமுகங்களைத் தாக்கி, அரசனைப் பிடித்து, பொருளைக் கவர்ந்தது. ஆனால் அங்கே சோழர் ஆட்சி நிலைத்ததற்குச் சான்று இல்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வீரராசேந்திரன், கடாரத்தை வென்று, அடிபணிந்த அரசனுக்கே அதைத் திருப்பித் தந்ததாகத் தன் மெய்க்கீர்த்தியில் (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரையில்) சொல்லிக்கொள்கிறான். 1090இல் கடாரத்து அரசனின் தூதர்கள் முதலாம் குலோத்துங்கனிடம் வந்து, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிகளுக்கு வரிவிலக்கு வாங்கிக்கொண்டு போகிறார்கள். நான் விவரித்துவந்த "கடல்கடந்த பேரரசு" இதில் எங்கே பொருந்தும்? ஆசிரியைக்கு இதை எழுதி அனுப்பினேன். "அப்படியென்றால் எங்கள் ஆட்களே ஆண்டிருக்கிறார்கள்" என்று ஒரே வரியில் பதில் வந்தது.

வரைபடப் புத்தகம் அழகானது, ஆனால் பழைய தமிழ்ப் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியில் உள்ள பதின்மூன்று பெயர்களையும் நானே பென்சிலால் எழுதிக்கொண்டேன். மாநக்கவாரம் நிக்கோபார், இலாமுரிதேசம் சுமத்ராவின் வடமுனை, மாதமாலிங்கம் இன்றைய தாய்லாந்தின் நக்கோன் சி தம்மராத் பக்கம். மேவிலிம்பங்கத்துக்கும் வளைப்பந்தூறுக்கும் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. இரண்டுக்கும் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

கோடு இல்லாத உலகத்தில் கோடு எப்படி வந்தது என்பதைக் கெடாவை வைத்தே சொன்னது அடுத்த நல்ல பகுதி. கெடா சுல்தான்கள் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, பொன்னாலும் வெள்ளியாலும் செய்த பூமரங்களைத் திறையாக அனுப்பிவந்தார்கள். சயாமிடமிருந்து காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கையில் 1786இல் பினாங்குத் தீவை ஆங்கிலேயரிடம் விட்டார்கள். தீவு போனது, உதவி வரவில்லை. 1821இல் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. 1909இல் லண்டனும் பாங்காக்கும் ஓர் ஒப்பந்தம் எழுதின. கெடா பிரிட்டிஷார் பக்கம் வந்தது, முன்பு கெடாவைச் சேர்ந்திருந்த சாத்தூன் சயாம் பக்கம் நின்றது. இன்றைய மலேசியா–தாய்லாந்து எல்லை பெரும்பாலும் அந்தக் கோடுதான். 24ஆம் வகுப்பு இது. இரண்டு முறை கேட்டேன்.

அதோடு பாடத்தின் வேகம் கெட்டுவிடுகிறது. ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றை நிதானமாக நடத்திய மனிதர், கடைசி நூறு ஆண்டுகளை ரயிலுக்கு நேரமாகிவிட்டவர்போல் தாண்டுகிறார். இந்தோனேசியா 1945, பர்மா 1948, மலாயா 1957, சிங்கப்பூர் 1965 என்று தேதிகள் வரிசையாக வருகின்றன. யார் எதை விரும்பினார்கள், எதை இழந்தார்கள் என்பது வருவதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதைக்கு ஒரே ஒரு வாக்கியம், அதிலும் ஐரோப்பியப் போர்க்கைதிகள் மட்டும். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பெருந்தொகையாக மடிந்தார்கள். என் தாத்தாவின் தம்பி அப்படிப் போனவர். ஊரில் திதி கொடுக்க நாள்கூடத் தெரியவில்லை. தமிழில் நடத்தும் பாடத்தில் இந்த விடுபடலை என்னால் மன்னிக்க முடியவில்லை. எழுதிக் கேட்டேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று பதில் வந்தது.

வகுப்பு முடிவில் வரும் தேர்வுகள் வீண். தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியான் தொடங்கிய ஆண்டு 1967 என்று தெரிந்திருப்பதால் யாருக்கு என்ன பயன்? போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக்கூட இந்தக் கேள்விகள் போதாது.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருவேன். புத்தகத்தை விட்டுவிடாதீர்கள், அது இல்லாமல் வகுப்புகள் புரியாது. பார்ப்பதற்கான அனுமதி ஓர் ஆண்டுதான்; எனக்கு இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. ஆறிலிருந்து பத்து வரை மறுபடியும் கேட்கப்போகிறேன். கோயிலில் என் கதையில் இப்போது கப்பல்கள் குறைந்துவிட்டன. சில குழுக்கள் முகம் சுளிக்கின்றன, அன்பளிப்பும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.