விண்டோஸ் 10 ஈஎஸ்யு: யாழ்ப்பாணக் கடைகளுக்குக் காசு கொடுத்து வாங்கத் தகுமா?

விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 அன்று நிறுத்தியது. அதற்குப் பிறகும் அந்தக் கணனிகளை ஓட்டவேண்டிய நிறுவனங்களுக்கு அது விற்பதுதான் ஈஎஸ்யு என்ற நீட்டித்த பாதுகாப்புச் சேவை. கஸ்தூரியார் வீதி நகைக்கடை, ஆஸ்பத்திரி வீதி பாமசி, திருநெல்வேலி அச்சகம் என்று நாலைந்து கணனியோடு தொழில் செய்பவர்களுக்கு அது பெறுமதியா என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் விலை. ஒரு கணனிக்கு முதலாம் ஆண்டு 61 டொலர், இரண்டாம் ஆண்டு 122, மூன்றாம் ஆண்டு 244. மொத்தம் 427 டொலர். டொலரை 300 ரூபாவாகப் போட்டால் 128,100 ரூபா. 2028 ஒக்டோபரோடு அதுவும் முடிகிறது. முதலாம் ஆண்டை விட்டுவிட்டு இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் விட்ட ஆண்டுக்கும் சேர்த்துத்தான் கட்டவேண்டும், ஆகவே பொறுத்திருந்து பார்ப்பதில் ஒரு சதமும் மிச்சமாகாது. 30 டொலர் திட்டமும் ஒன்று உண்டு. அது வீட்டுப் பாவனைக்கானது. டொமைனில், அதாவது நிறுவனத்தின் மைய சேர்வரின் கட்டுப்பாட்டில், சேர்ந்த கணனியை ஏற்காது.

கொடுத்த காசுக்குக் கிடைப்பது பாதுகாப்புத் திருத்தம் மட்டும். புதிய வசதிகளோ பொதுவான தொழில்நுட்ப உதவியோ இதில் அடங்காது. கணனி 22எச்2 பதிப்பில் இருக்கவேண்டும். ரன் பெட்டியில் வின்வர் (winver) என்று தட்டினால் பதிப்புத் தெரியும். பலர் கவனிக்காத இன்னொன்று: ஒபிஸ் 2016, ஒபிஸ் 2019 இரண்டுக்கும் அதே நாளில்தான் ஆதரவு முடிந்தது. ஈஎஸ்யு அவற்றைத் தொடாது.

இதை வாங்கவேண்டிய இடங்கள் சில உண்டு. இரத்தப் பரிசோதனை இயந்திரத்தோடு பொருத்திய கணனி, பழைய தராசோடு சீரியல் கேபிளில் பேசும் கணனி போன்றவை. அங்கே விண்டோஸ் 11 போட்டால் முதலில் விழுவது யூஎஸ்பி-சீரியல் மாற்றிதான். புரொலிபிக் நிறுவனத்தின் பழைய பிஎல்2303 சிப் உள்ள மாற்றிகளை விண்டோஸ் 11க்கான ட்ரைவர் ஏற்காது. டிவைஸ் மனேஜரில் மஞ்சள் அடையாளம் காட்டி நிற்கும். வேறு சிப் உள்ள மாற்றி வாங்கினால் தீரும். ஆனால் இயந்திரத்தின் மென்பொருளே 32 பிட் ட்ரைவரை நம்பியிருந்தால் வழியில்லை. விண்டோஸ் 11 வருவது 64 பிட்டில் மட்டும். அந்த ஒரு கணனிக்கு 61 டொலர் நல்ல செலவு.

பில் போடும் கணனிக்கு இது வேண்டாம். இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ என்றால் (பெரும்பாலான டெஸ்க்டொப்களில் 2018 முதல் வந்தவை) விண்டோஸ் 11 இலவசமாகவே ஏறும். டெல் ஒப்டிபிளெக்ஸ் 3060இல் ஏறும், 3050இல் ஏறாது. இரண்டும் பார்வைக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆகவே திருத்திய கணனி வாங்கும்போது பின்பக்க எண்ணைப் பாருங்கள். ஏறக்கூடிய கணனியே மறுத்தால் அனேகமாக விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி பயோஸில் (கணனியின் அடிப்படை அமைப்புகளில்) அணைந்திருக்கும். இன்டெலில் அதன் பெயர் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம். அடுத்த சிக்கல் வட்டு. வட்டின் பிரிவுகளைக் குறித்துவைக்கும் முறை பழைய எம்பிஆராக இருந்தால், அதைப் புதிய ஜிபிடிக்கு மாற்ற விண்டோஸிலேயே கருவி இருக்கிறது. ஆனால் மூன்றுக்கு மேல் பிரைமரி பிரிவுகள் இருந்தாலோ, லொஜிக்கல் பிரிவு ஒன்றாவது இருந்தாலோ அது மறுத்துவிடும். சி, டி, ஈ, எஃப் என்று பிரித்துக் கொடுக்கும் நம்மூர்ப் பழக்கம் இங்கேதான் உதைக்கும். டி முதலான பிரிவுகளை வெளி வட்டுக்கு நகல் எடுத்து, அழித்து, பிறகு மாற்றவேண்டும்.

மாற்றிய அடுத்த நாள் வரும் முறைப்பாடுகளில் அதிகம் பகிர்ந்த கோப்புறை பற்றியதாகவே இருக்கும். 24எச்2 பதிப்பு முதல் விண்டோஸ் 11 புரோ, கடவுச்சொல் இல்லாத பகிர்வைத் திறக்காது. கல்லாக் கணனியில் உள்ள தரவுத்தளம் உள்ளறைக் கணனியில் திறக்காவிட்டால் பாதுகாப்பை அணைக்க வேண்டாம். பகிரும் கணனியில் கடவுச்சொல்லோடு ஒரு பயனர் கணக்கை உருவாக்குங்கள். பில் மென்பொருள் எஸ்கியூஎல் சேர்வர் என்ற தரவுத்தள மென்பொருளை நம்பியிருந்து, என்விஎம்ஈ என்ற புதிய வகை வேக வட்டில் அது தொடங்க மறுத்தால், வட்டு தன் செக்டர் அளவை (தரவை எழுதும் சிறு துண்டின் அளவை) 4,096 பைட்டுக்கு மேலாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அதற்கு விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஒரு திருத்தம் போதும். மென்பொருள் விற்றவரிடம் இதைச் சொல்லியே கேளுங்கள்.

அச்சகங்களும் தட்டெழுத்துக் கடைகளும் எழுத்துருவைத்தான் முதலில் பார்க்கவேண்டும். பாமினியில் அடித்த கல்யாணக் கார்டும் கண்ணீர் அஞ்சலியும் உண்மையில் ஆங்கில எழுத்துக் குறியீடுகள். எழுத்துருக் கோப்பு இல்லாத கணனியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். கணனியை அழித்து விண்டோஸ் போடுவதென்றால், அதற்கு முன் ஃபொன்ட்ஸ் கோப்புறை முழுவதையும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். லதா எழுத்துரு யூனிக்கோடாக இருந்தாலும் புதிய விண்டோஸில் தானாக வராமல் இருக்கலாம். அப்படியானால் விருப்ப வசதிகளில் தமிழ்த் துணை எழுத்துருக்களைச் சேர்க்கவேண்டும். சேர்க்காவிட்டால் நிர்மலா என்ற வேறு எழுத்துருவில் திறந்து வரி மாறி, பக்கம் கலைந்துவிடும்.

கடையில் வைத்திருக்கும் பழைய பென்டிரைவிலிருந்து விண்டோஸ் 11 போடுபவர்களிடம் பதிப்பைக் கேளுங்கள். 23எச்2 ஹோம், புரோ இரண்டுக்கும் 2025 நவம்பர் 11 அன்றே ஆதரவு முடிந்துவிட்டது. தகுதியில்லாத கணனியில் சோதனையைத் தாண்டிப் போட்டுத் தருவதாகச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அப்படிப் போட்டதற்குத் திருத்தங்கள் வருமென்று மைக்ரோசொப்ட் உறுதி தரவில்லை.

ஐந்து கணனியில் இயந்திரத்தோடு பொருத்திய ஒன்றுக்கு, ஒரே ஒரு ஆண்டுக்கு ஈஎஸ்யு எடுக்கலாம். இரண்டாம் ஆண்டின் 122 டொலரை அந்த இயந்திரத்தின் மென்பொருளைப் புதுப்பிக்கக் கொடுங்கள். பயோஸில் கை வைப்பதற்கு முன் வட்டைப் பூட்டும் பிட்லொக்கரின் மீட்புச் சாவியைக் கடதாசியில் எழுதி லாச்சியில் வையுங்கள்.