மூக்கு உப்பிய ஷூவோடு மூன்று வருடம்

போன வாரம் லஸ் முனையில் ஷூவைத் தைக்கக் கொடுத்தேன். மழைத் தண்ணீரில் நடந்து நடந்து இடது ஷூவின் முன்பக்கம் வாய் பிளந்திருந்தது. தைக்கிற அண்ணன் உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டு, "இன்னா சார், கால் உள்ள இல்லாமலே இப்படி உப்பி நிக்குது?" என்றார். மூன்று வருடமாக வீட்டில் இதைத்தான் புலம்புகிறேன். ஒருவரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

அன்று ராத்திரியே நண்பன் வாட்ஸாப்பில் கேட்டான்: "மச்சி, அந்த ஷூ விலை இறங்கியிருக்கு, வாங்கலாமா?" அதனால்தான் எழுதுகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம். 80களின் கூடைப்பந்து ஷூ ஒன்றின் மறுவெளியீடு, அது போதும்.

அசலைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கு இந்தக் கோபமே வந்திருக்காது. கப்பலில் வேலை பார்த்த மாமா, 80களின் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து அதை வாங்கி வந்தார். அதன் அடியில் இருந்தது பாலியூரித்தேன் நுரை. போட்டாலும் போடாவிட்டாலும் ஈரக்காற்று அதை அரித்துவிடும். சென்னையில் ஈரத்துக்கா பஞ்சம்? ஒருநாள் பீரோவைத் திறந்தால் சோல் ரஸ்க் தூள் மாதிரி உதிர்ந்து கிடந்தது. மேல்பாகம் மட்டும் மிச்சம். அதை என் ஷூவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பழையது, லேஸ் முடிகிற இடத்திலிருந்து படகின் மூக்கு மாதிரி சரிந்து தரையைத் தேடிப் போகிறது. புதியது டீக்கடை பன். விரலை வைத்து அளந்தேன்: நுனியில் பழையது ஒன்றரை விரல் உயரம், புதியது இரண்டரை. குதிகால் பக்கம் பழையது அழகாக உள்வாங்கும். புதியது சுவர் மாதிரி நேராக நிற்கும்.

ஷூவின் உருவம் தோலில் இல்லை, உள்ளே வைத்துத் தைக்கிற பாத வடிவ அச்சில் இருக்கிறது. ஆம்பூர், ராணிப்பேட்டை ஆலைகளில் லாஸ்ட் என்பார்கள். ஒரு காலத்தில் மரம், இப்போது பிளாஸ்டிக். மேல்பாகத்தை அதன்மேல் இழுத்து ஒட்டி, சூடு காட்டி, ஆறவிட்டு உருவுவார்கள். அந்த நேரத்தைக் குறைத்தால் இழுத்த தோல் பழையபடி திரும்பப் பார்க்கும். 80களில் இந்த ரக ஷூக்கள் பெரும்பாலும் தென்கொரியாவிலும் தைவானிலும் தயாராயின. பிறகு வேலை சீனா, வியட்நாம், இந்தோனேசியா என்று நகர்ந்தது. பழைய அச்சும் சோல் வார்க்கிற மோல்டும் எல்லாம் பத்திரமாகக் கூடவே போகவில்லை. முப்பது வருடம் கழித்து மறுபடி செய்ய வேண்டுமென்றால், சுருங்கி நசுங்கிக் கிடக்கும் ஒரு பழைய ஜோடியைப் பார்த்துத்தான் அச்சு செதுக்க வேண்டும். இல்லையென்றால் கையில் இருக்கிற வேறொரு மாடலின் அச்சில் ஏற்ற வேண்டும். அப்புறம் உள்ளே பஞ்சு, நாக்கிலும் பஞ்சு. உப்பாமல் என்ன செய்யும்?

கம்பெனிகளுக்கு இது தெரியாமல் இல்லை. 1985இல் வந்த ஏர் ஜோர்டான் 1 என்ற கூடைப்பந்து ஷூ, 1994 முதல் எத்தனையோ முறை திரும்பி வந்தது. 2021இல் கழுத்தை உயர்த்தி, பழைய உருவத்துக்குக் கிட்டே கொண்டுபோய், பெயரிலேயே '85' என்று சேர்த்து ஒன்றை விட்டார்கள். அப்போ நடுவில் விற்றதெல்லாம் எந்த வருடத்து ஷூ?

சரி, மாற்றுவதெல்லாம் அக்கிரமம் என்றும் சொல்லிவிட முடியாது. ஏர் மேக்ஸ் 1 என்ற ஓட்ட ஷூ முதலில் வந்தபோது, சோலுக்குள் இருக்கும் காற்றுப்பை தெரிகிற ஜன்னல் பெரிதாக இருந்தது. குளிரில் விரிசல் விட்டதால் சிறிதாக்கினார்கள். அந்தப் பெரிய ஜன்னல் 2023இல்தான் திரும்பி வந்தது.

என் கதையும் கிட்டத்தட்ட அதுதான். எனக்கு அகலப் பாதம். காலேஜ் நாட்களில் மாமாவின் ஷூவை ஆசையாக மாட்டிக்கொண்டு கிளம்பி, சுண்டுவிரல் நசுங்கி, அரை மணி நேரத்தில் கையில் பிடித்துக்கொண்டு வீடு திரும்பியிருக்கிறேன். இந்த ஷூவோடு கிண்டி ஸ்டேஷன் படிகளில் தினமும் ஏறி இறங்குகிறேன், தீபாவளிக் கூட்டத்தில் ரங்கநாதன் தெருவில் இடிபட்டிருக்கிறேன். மூன்று வருடத்தில் ஒரு கொப்புளம் கிடையாது. விரலுக்கு அந்த இடத்தைக் கொடுத்ததே நான் திட்டுகிற மூக்குதான்.

நண்பனிடம் வாங்காதே என்றுதான் சொன்னேன். "நீ தினமும் அதைத்தானேடா போடுற?" என்றான். ஆமாம், போடுகிறேன். அதற்காக அசல் என்று பெட்டியில் அச்சடித்து விற்பதை மன்னிக்க முடியுமா?

அண்ணன் பேஸ்டிங் பண்ணி, சுற்றித் தையலும் போட்டு, 250 ரூபாய் வாங்கிக்கொண்டார். கொடுக்கும்முன் கட்டைவிரலால் மூக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தார். அமுங்கி, மெல்ல எழும்பி வந்தது. இன்னொரு முறை அழுத்தினார். மறுபடியும் வந்தது. "விடுங்க சார்" என்று சொல்லி ஷூவைக் காலடியில் வைத்தார்.