மூச்சா, உடம்பா, நடையா? மனசு அலையும்போது எதைப் பிடிப்பது?

கவனம் நிற்கவில்லை என்றாலும் சரி, சட்சட்டென்று கோபம் வருகிறது என்றாலும் சரி, எல்லோரும் தருவது ஒரே யோசனைதான்: தியானம் பண்ணு. எந்தத் தியானம் என்று யாரும் சொல்வதில்லை. நான் மூச்சு, உடம்பு, நடை என்ற மூன்று முறைகளையும் மாற்றி மாற்றிச் செய்துவருகிறேன், மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

மூச்சைக் கவனிப்பதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. காற்று உள்ளே போகும்போது மூக்கு நுனியில் லேசான குளிர்ச்சி, வெளியே வரும்போது மெல்லிய சூடு, அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். நாலு மூச்சு தாண்டுவதற்குள் மனசு நேற்றைய பேச்சுக்கோ நாளைய வேலைக்கோ போய்விடும். 'அடடா, போயிட்டோமே' என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சியே, அதனால் பத்து நிமிடத்தில் நாற்பது தடவை திரும்பி வந்தால் நாற்பது தடவை பழகியிருக்கிறீர்கள். ஹார்வர்டின் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், மக்கள் விழித்திருக்கும் நேரத்தில் கிட்டத்தட்ட 47 சதவீதம் செய்கிற வேலையில் மனசு இல்லாமல் இருந்தார்கள். ஆகவே மனசு ஓடுவதைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு யாரும் எழுந்து போய்விட வேண்டாம்.

ஆனால் கொதிக்கிற கோபத்தில் மூச்சைக் கவனித்துக்கொண்டு உட்கார்ந்தால் எனக்கு அது கோபத்தின் மேல் மூடி போட்டது மாதிரிதான் ஆனது. அங்கே உடம்பைக் கவனிப்பது எவ்வளவோ மேல். தாடை இறுகியிருக்கிறது, தோள் காதுப் பக்கம் ஏறியிருக்கிறது, நெஞ்சில் ஒரு சூடு. ஒவ்வொன்றாகப் பார்த்து, 'இது கோபம்', 'இதுக்கு அடியில பயம் இருக்கு' என்று மனசுக்குள் பெயர் சொல்லிப் பாருங்கள். உணர்ச்சிக்குப் பெயர் வைக்கும்போது பயம் மாதிரியான உணர்ச்சிகளைக் கிளப்புகிற அமிக்டலா என்ற மூளைப் பகுதியின் பரபரப்பு குறைவதை லீபர்மன் என்ற ஆய்வாளரின் குழு 2007இல் காட்டியது. ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய 8 வாரப் பயிற்சியிலும் கால் விரலிலிருந்து தலைவரை இப்படிக் கவனித்துப் போவது முக்கியமான பாடம். ஒரே தொல்லை, படுத்துச் செய்தால் தூக்கம் வந்துவிடும்.

உட்காரவே முடியாத நாட்களில் மெதுவான நடை. குதிகால் படுகிறது, பாதம் படுகிறது, விரல் எழுகிறது, அவ்வளவுதான்.

எதிலிருந்து தொடங்குவது? முதலில் மூச்சு, அப்புறம் உடம்பு என்பேன். எஸ்.என். கோயங்கா என்ற ஆசிரியர் பரப்பிய விபஸ்ஸனா என்கிற பௌத்தத் தியான முறையின் 10 நாள் முகாமிலும் முதல் மூன்று நாள் மூச்சுதான், நாலாம் நாள்தான் உடல் உணர்வுகளுக்குப் போகிறார்கள். ஓரளவு நிலைத்த கவனம் இல்லாமல் உடம்பைப் பார்க்கப் போனால் மறுபடியும் யோசனையில்தான் போய் விழுவோம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. தியானம் பற்றிய 47 சோதனைகளைத் தொகுத்த 2014 அலசல் ஒன்றில் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் சிறிதளவிலிருந்து மிதமான அளவுவரை பலன் தெரிந்தது, கவனத்துக்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை. என் அனுபவத்தில் கவனமும் மேம்பட்டது, ஆனால் அது ஒருவரின் அனுபவம்.

பழைய அதிர்ச்சி எதையாவது சுமப்பவர்களுக்கு உடம்பைக் கவனிப்பது சில சமயம் அதைக் கிளறிவிடும். அப்படி ஆனால் உடனே நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து நடங்கள். அதுவும் அடங்கவில்லை என்றால் தனியாகச் சமாளிக்க நினைக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.