நல்லெண்ணெயா, தேங்காய் எண்ணெயா, கொள்ளு மாவா?

ஆயுர்வேத உடல்வாகுக் கேள்வித்தாளை நிரப்பி “எனக்கு வாத உடம்பு” என்று முடிவுகட்டிக் குளியலுக்கு எண்ணெய் வாங்குகிறவர்கள் பாதிக் கிணறுதான் தாண்டுகிறார்கள். பிறவியில் அமைந்த உடல்வாகு பிரகிருதி. வாதம், பித்தம், கபம் என்ற மூன்று தோஷங்களில் இன்றைக்கு ஏறியிருப்பது விகிருதி. குளியலைத் தீர்மானிக்க வேண்டியது பெரும்பாலும் விகிருதிதான். சளி கட்டிய வாரத்தில் மெலிந்த வாத உடம்புக்கும் எண்ணெய் ஆகாது.

வாதத்துக்கு நல்லெண்ணெயை மிஞ்ச ஒன்றுமில்லை. வாதம் வறண்டது, குளிர்ந்தது, லேசானது. நல்லெண்ணெய் பசையும் சூடும் கனமும் கொண்டது. தோல் வறட்சி, மூட்டில் சொடக்கு, தூக்கமின்மை இருந்தால் இதுவே. ஒருவருக்கு 50–60 மி.லி. போதும். கிண்ணத்தை வெந்நீரில் வைத்துச் சூடேற்றுங்கள். அடுப்பில் வைத்தால் சூடு கைமீறிவிடும். கை கால்களில் நீளவாக்கில், மூட்டுகளில் வட்டமாகத் தேயுங்கள். தலை, காது, பாதம் மூன்றையும் விடக்கூடாது என்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற பழைய ஆயுர்வேத நூல். அரை மணி ஊறட்டும். உடம்புக்கு வெந்நீர் சரி. தலைக்குச் சுடுநீர் ஊற்றினால் முடியும் கண்ணும் பலம் இழக்கும் என்று அதே நூல் எச்சரிக்கிறது.

பித்தம் ஏறி உள்ளங்கால் எரிகிறதா? தேங்காய் எண்ணெய், சூடாக்காமல். கோடைக்கு நல்லது. ஆனால் மார்கழிக் குளிரில் வாதக்காரருக்கு இது குளிர்ச்சிமேல் குளிர்ச்சி.

அதிகம் தவறு நடப்பது கபத்தில்தான். உடல் கனம், மந்தம், சளி உள்ளவர் எண்ணெயில் ஊறினால் கபம் இன்னும் கூடும். அவருக்கு உத்வர்த்தனம், அதாவது உலர்பொடித் தேய்ப்பு. 80 கிராம் கொள்ளு மாவுடன் 20 கிராம் திரிபலா சூரணம் கலந்து, மெல்லிய துணியில் சலியுங்கள். சலிக்காத பொடி தோலைக் கீறும். காலிலிருந்து மேல்நோக்கி, மயிர் படிந்திருக்கும் போக்குக்கு எதிராகப் பத்து நிமிடம். தோல் சிவந்தால் நிறுத்திவிடுங்கள். படை, புண், வெடிப்பு உள்ள இடத்தில் பொடியே படக்கூடாது. வாதமும் கபமும் கலந்திருந்தால் முதலில் இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய், பிறகு பொடி.

காய்ச்சல், அஜீரணம், பேதிக்குச் சாப்பிட்ட நாள்: மூன்றிலும் எண்ணெய் வேண்டாம். எண்ணெய்க் குளியலுக்கு மறுநாள் காலை நாக்கில் வெள்ளை படிந்து, உடம்பு கனத்து, பசி மந்தமானால் அடுத்த வாரம் எண்ணெய்க் கிண்ணத்தை ஒதுக்கிப் பொடிக்கு மாறுங்கள்.