கறுப்பு டிராகன் கறுப்பாகவே வரும் பிரின்டிங் கடை

மதுரையில் டிராகன் வரைகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். டேப்லெட்டில் ‘ஹவ் டு ட்ரெய்ன் யுவர் டிராகன்’ படத்தில் வரும் கறுப்பு டிராகன் டூத்லெஸ்ஸை ஆசை ஆசையாக வரைந்து, கழுத்துச் செதிலில் நீல மினுமினுப்பெல்லாம் வைத்து, பிரின்ட் எடுத்துப் பார்த்தால் கண் இரண்டும் மட்டும் தெரியும். மற்றதெல்லாம் தார் பூசியதுபோல வந்திருக்கும். அந்த வேதனை தெரிந்தவர்கள் டவுன் ஹால் ரோட்டிலிருந்து மேல மாசி வீதிப் பக்கம் பிரிகிற சந்தில் இருக்கும் ஒரு மாடிக் கடைக்குப் போய்ப் பாருங்கள். கீழே ரப்பர் ஸ்டாம்ப் செய்கிற கடை, பக்கத்திலேயே படி. பெயர்ப் பலகை கிடையாது. கதவுக் கண்ணாடியில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் ஒட்டியிருக்கும், அதுதான் அடையாளம்.

நான் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடையில் கணக்குப் பார்க்கிறேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் உட்கார்ந்து வரைவது டிராகன் மட்டும்தான். எனக்குப் பிடித்தவை பேசுகிற டிராகன்கள். டோல்கீனின் ‘ஹாபிட்’ நாவல் 1937ல் வந்தது. அதில் தங்கக் குவியல் மேல் படுத்திருக்கும் ஸ்மாக், கண்ணுக்குத் தெரியாமல் வந்து நிற்கிற கதாநாயகன் பில்போவிடம் எவ்வளவு நயமாகப் பேச்சுக் கொடுக்கிறது! புகழ்ச்சியில் மயங்கித் தன் கவசத்தைக் காட்டப்போய், இடது மார்பில் கவசம் இல்லாத இடம் பில்போ கண்ணில் பட்டுவிடுகிறது. அந்தப் பேச்சுக் காட்சியை டோல்கீனே வண்ணத்தில் வரைந்திருக்கிறார். அர்சுலா லெ குவினின் எர்த்ஸீ கதைகளில் வரும் ‘கலெஸ்ஸின்’ என்ற டிராகன் எனக்கு இன்னும் ஒரு படி மேல். மந்திரவாதிகள் வருடக்கணக்கில் கஷ்டப்பட்டுப் படிக்கிற ஆதிமொழி அங்கே டிராகன்களுக்குத் தாய்மொழி. இதையெல்லாம் படித்து ஊறிப்போனதால் நான் முதலில் கண்ணைத்தான் வரைவேன். இமை மடிப்பில் வயசு தெரியணும், பாவைக்குள் யோசனை ஓடணும். அது சரியாக வராமல் உடம்புக்குப் போகமாட்டேன்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. நாலு கால், அதற்கு மேல் இரண்டு இறக்கை. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் டிராகன்களுக்குக் கால் இரண்டுதான், கையே இறக்கை. ‘ஹாபிட்’ படங்களிலும் ஸ்மாகின் முன்னங்கால் இறக்கையோடு சேர்ந்துவிட்டது. அதில் நியாயம் இருக்கிறது. வௌவாலானாலும் பறவையானாலும், முதுகெலும்புள்ள எதற்கும் ஆறு உறுப்பு கிடையாது. ஆனாலும் புது மண்டபத்து யாளிகள் முன்னங்காலைத் தூக்கிப் பாயும் கோலத்தைச் சின்ன வயசிலிருந்து அண்ணாந்து பார்த்த எனக்கு, முன்னங்கால் இல்லாத டிராகனில் மனசு ஒட்டுவதில்லை. நாலு கால் வைத்தால் வரைகிற வேலையும் கூடும். முன்னங்கால் தோளுக்குப் பின்னாலிருந்து இறக்கைத் தோள் எழும்பும் இடத்தில் ஆழமாக ஒரு மடிப்பு விழும். படத்திலேயே நான் அதிகம் மெனக்கெடுவது அந்த நிழலுக்குத்தான். பிரின்டில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

காரணம் எளிது. திரை என்பது ஒளி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சேர்ந்து நிறம் காட்டுகிறது. மெஷினில் இருப்பது சயான் (பச்சை ஓடிய நீலம்), மெஜன்டா (அடர்ந்த ரோஸ்), மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை. திரையில் பளீரென்று தெரிகிற எத்தனையோ நீலமும் பச்சையும் அந்த நாலில் வரவே வராது. கறுப்பு மையை மட்டும் தனியாக 100 சதவீதம் விட்டாலும் பெரிய பரப்பில் சாம்பல் ஓடிய கறுப்பாகத்தான் தெரியும். கூடவே மற்ற மைகளும் கொஞ்சம் கொஞ்சம் சேர வேண்டும். அளவு மீறினால் நிழலுக்குள் இருக்கிற விவரமெல்லாம் மூடிப்போகும்.

இது ஒருபுறம் இருக்க, நம் ஊர்க் கடைகளில் கல்யாண ஆல்பப் பழக்கம் வேறு. படம் எதுவாக இருந்தாலும் ஃபைலைத் திறந்ததுமே வெளிச்சத்தை ஏற்றிவிடுவார்கள். முகம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டுக் கேட்டு வந்த கைப்பழக்கம் அது. வேறொரு கடையில் என் குகை டிராகனை அப்படித்தான் எடுத்துக் கொடுத்தார்கள். குகைக்குள் நடுப்பகல் வெயில் அடித்தது, வாயிலிருந்து வரும் தீ வெளிறிப்போயிருந்தது. பணம் கொடுத்துவிட்டு வந்தேன், அந்தப் படத்தை யாருக்கும் காட்டவில்லை.

மாடிக் கடை அண்ணனுக்கு ஐம்பது வயசு இருக்கும். டிராகன் கதை எதுவும் அவர் படித்ததில்லை. ஃபைலைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: “இதை எங்க மாட்டப் போற தாயி? டியூப்லைட்டுக்குக் கீழயா, சன்னல் வெளிச்சத்துலயா?” ஹாலில், டியூப்லைட்டுக்குக் கீழ் என்றேன். அடுத்து, “எந்த இடம் கெடக் கூடாது?” என்றார். இறக்கை மடிப்பையும் கண்ணையும் தொண்டைத் தீயையும் காட்டினேன். அந்த மூன்று இடத்தையும் நறுக்கி, ஒரே ஷீட்டில் மூன்று விதக் கறுப்போடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து ப்ரூஃப், அதாவது சோதனைப் பிரின்ட், எடுத்தார். முதலாவது கறுப்பு மை மட்டும். இரண்டாவதில் சயான் தூக்கல். மூன்றாவதில் மெஜன்டாவும் மஞ்சளும் தூக்கல். ஷீட்டை எடுத்துக்கொண்டு சன்னலோரம் வந்து காட்டினார், அப்புறம் டியூப்லைட்டுக்குக் கீழே காட்டினார்.

வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிந்தது. சயான் தூக்கிய கறுப்பு குளிர்ந்து, ஈரம் பட்ட தோல் மாதிரி இருந்தது. டூத்லெஸ்ஸுக்கு அதுதான் பொருத்தம். மூன்றாவது கறுப்பில் உள்ளே ஒரு சூடு தெரிந்தது. ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ கதையில் வரும், சிவப்பு ஓடிய கறுப்பு டிராகனான ட்ரோகனுக்கு அதையே வைத்துக்கொண்டேன். இறக்கை மடிப்பில் நான் போட்ட நரம்புக் கோடுகள் ஒன்றுவிடாமல் இருந்தன. தொண்டைத் தீயில் மட்டும் மஞ்சள் ஆரஞ்சாக மாறும் இடத்தில் பட்டை பட்டையாக வரி விழுந்தது. அண்ணன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த இடத்துல மட்டும் லேசாப் பொடி தூவிக் கொண்டா தாயி” என்றார். நாய்ஸ், அதாவது படத்தில் பொடிப் பொடிப் புள்ளிகள், சேர்க்கச் சொல்கிறார். வீட்டில் அந்த லேயரில் துளி சேர்த்து அனுப்பினேன், வரி மறைந்து தீ ஒரே ஓட்டமாக வந்தது. ப்ரூஃபுக்குத் தனியாகக் காசு வாங்கவில்லை.

அவருக்கு நான் கொடுத்ததிலேயே கஷ்டமான வேலை என் சொந்த டிராகன். ஒத்தக்கடை பக்கம் யானைமலை மேல் சுருண்டு படுத்து, பாறையோடு பாறையாக நிறம் கலந்து, அதிகாலையில் ஒரு கண்ணை மட்டும் திறக்கிற டிராகன். படம் முழுக்கச் சாம்பல். நாலு மையில் சாம்பல் எடுப்பதுபோலத் தொல்லை வேறில்லை. துளி பிசகினால் பச்சை ஓடும், இல்லையென்றால் ரோஸ் ஓடும். இதற்கு மைப்பொடியில் ஓடுகிற டோனர் மெஷின் வேண்டாம் என்று அவரே சொல்லி, உள்ளறையில் இருக்கிற பெரிய இங்க்ஜெட்டில், பளபளப்பில்லாத தடிமனான காட்டன் பேப்பரில் எடுத்துக் கொடுத்தார். விலை கூடுதல்தான். ஆனால் செதில் எது, பாறை எது என்று கண் தேடித் தேடிப் போகிறது. நான் வரையும்போது ஆசைப்பட்டது அதற்குத்தான். என் அம்மா முதலில் மலையை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்து, பிறகு திரும்பி வந்து நின்று பார்த்தார்.

லேமினேஷன் விஷயத்தில் அவர் பேச்சைக் கேளுங்கள். மேட் போட்டால் கறுப்பின் ஆழம் ஒரு சுற்றுக் குறையும். கிளாஸி போட்டால் ஆழம் நிற்கும், ஆனால் டிராகன் முகத்தின் மேல் டியூப்லைட் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஃப்ரேம் போடப் போகிறீர்கள் என்றால் லேமினேஷனே வேண்டாம். புக்மார்க், கார்டு மாதிரிக் கை படுகிற சின்ன அயிட்டங்களுக்கு மேட் போதும்.

குறைகளும் உண்டு. பேக்கிங் மகா மோசம். சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, தினசரிப் பேப்பரில் சுற்றிக் கொடுக்கிறார்கள்; பஸ்ஸில் ஒரு நசுங்கல் பட்டால் ஓரம் மடங்கிவிடும். பிவிசி பைப்போ அட்டைக் குழாயோ கையோடு கொண்டுபோவது நல்லது. கட்டிங் மெஷினில் நிற்கிற பையனுக்கு அவசரம், வெள்ளை ஓரம் ஒருபக்கம் தடித்துப்போகிறது. நின்று பார்த்து வெட்டச் சொல்லுங்கள், கோபப்படமாட்டான். ஆவணி, தை மாதிரி முகூர்த்தம் நெருக்கமாக இருக்கும் மாதங்களில் பத்திரிகை வேலைக்குத்தான் முதலிடம், நம் டிராகன் வரிசையில் கடைசிதான். சித்திரைத் திருவிழா சமயத்தில் மாசி வீதிப் பக்கம் வண்டியில் போகவே முடியாது, அதற்கு முன்னாலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். டூத்லெஸ், ட்ரோகன் எல்லாம் மற்றவர்கள் உருவாக்கிய பாத்திரங்கள். என் சுவருக்கும் தோழிகளுக்குப் பரிசாகவும்தான் அவற்றை எடுக்கிறேன். விற்பதற்கு என்றால் யானைமலை டிராகன் மாதிரி சொந்தப் படங்கள் மட்டும். அண்ணனும் நிறைய எண்ணிக்கையில் கேட்டால், “இது உன் படமா தாயி?” என்று கேட்டுவிட்டுத்தான் மெஷினில் ஏற்றுகிறார். அந்த மரியாதைக்காகவே எனக்கு அந்தக் கடையைப் பிடிக்கும்.

நான் கொடுத்த விலை: 12க்கு 18 இஞ்ச், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) ஆர்ட் கார்டு ஒரு ஷீட் 45 ரூபாய், லேமினேஷன் 15 ரூபாய். அந்த அளவுக்குப் படம் 3600க்கு 5400 பிக்ஸலாவது இருக்கட்டும், அப்போதுதான் 300 டிபிஐ, அதாவது இஞ்சுக்கு 300 புள்ளி, கிடைக்கும். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதீர்கள், சுருங்கிப்போய்ச் செதிலெல்லாம் கரைந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள், இல்லை பென் டிரைவில் கொண்டுபோங்கள். மத்தியானம் 2 மணியிலிருந்து 4 மணி வரை கடையில் கூட்டம் குறைவு. ப்ரூஃபைச் சன்னலோரம் கொண்டுவந்து நிதானமாகப் பேச அண்ணனுக்கு அப்போதுதான் நேரம் இருக்கும்.